சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

நல்லேரிப்பாக்கம்
15.6.2025

அன்புள்ள மருமகள் கவிப்பிரியாவுக்கு, தாய்மாமன் தாண்டவராயன் எழுதிக்கொள்வது. இங்கு நான், உன் அத்தை கனகம், உன் மகள் அறிவுமதி மூவரும் சுகம். வேலூர் போலீஸ் பயிற்சியில் உன் உடம்புக்கு எப்படி என்று எழுதவும்.

நடந்தது அத்தனையும் நான் முன்கூட்டியே சொன்னது. நீ காக்கிச் சட்டை போடுவாய் என்று, நீ நாலாவது படிக்கும்போதே சொன்னேன். என் தங்கை, உன் அம்மா, இன்றைக்கு இருந்தால் சாட்சி சொல்வாள். உன் வீட்டுக்காரர் ஸ்ரீதர் புதுக் கார்களை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு குஜராத்துக்கும் ஒரகடத்துக்குமாக அலைவார் என்றும் சொன்னேன். ஏரி மேட்டுக்குப் பன்றி வரும் என்பதையும் சொன்னேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அந்த மேட்டில் நீரோட்டம் பார்க்க உள்ளங்கையில் தேங்காய் வைத்து நடந்தேன். எழுந்து நிற்க வேண்டிய காய், பன்றி மாதிரி மூக்கை மண்ணில் குத்தியது. அப்போதே சொன்னேன், இங்கே பன்றிதான் என்று. எல்லாரும் சிரித்தார்கள்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. கம்பெனி கேன்டீன்களில் மிஞ்சுகிற சோற்றை நீல டிரம்மில் அள்ளிப்போகிற காண்ட்ராக்டர் மோகன் இருக்கிறானே, அவன்தான் பண்ணைக்காரன். போன வருஷம் நாற்பது பன்றி. இந்த வருஷம் ஆறு ஷெட். ஆயிரத்து எண்ணூறு என்கிறார்கள். நான் வேலியோரம் நின்று எண்ணினேன், இரண்டாயிரத்து நூறு. எல்லாம் வெள்ளைக்காரப் பன்றி, கன்றுக்குட்டி உசரம்.

குழந்தையைப் பற்றிக் கவலை வேண்டாம். நீ புறப்பட்ட மறுநாளே பால் மாவுக்குப் பழகிவிட்டாள். டப்பாவில் எழுதியிருக்கிறபடியே அத்தை அளந்து கலக்குகிறாள். தண்ணீர் நம் போர்த் தண்ணீர். நான் காய் வைத்துக் காட்டிய இடம், அதைப் பற்றி நீ கேட்கவே வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை உனக்குக் கிடைக்கும் பத்து நிமிஷ போனில் அத்தையோடு பேசு. பன்னிரண்டு வருஷம் தகரம் அமுக்கும் பிரஸ்ஸில் நின்ற காது எனக்கு, போனில் ஒன்றும் ஏறாது. நமக்குள் காகிதம்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள். பரேடில் முதல் ஆளாக நில்.

இப்படிக்கு,
தாண்டவராயன்


வேலூர்
22.6.2025

அன்புள்ள மாமாவுக்கு, கவிப்பிரியா வணக்கம். நான் நலமாக இருக்கிறேன். நீங்களும் அத்தையும் என் மதியும் நலமாக இருக்க வேண்டும்.

காலை நாலரைக்கு விசில். ஐந்து மணிக்கு ஓட்டம். ஓடும்போது பால் கட்டி நெஞ்சு வலிக்கிறது மாமா, பனியன் நனைந்துவிடுகிறது. நேற்று இன்ஸ்ட்ரக்டர் அம்மா பார்த்துவிட்டு, "போய் மாத்திகினு வா, ரெண்டு நிமிஷம்" என்று மட்டும் சொன்னார். பாத்ரூமில் பிழிந்து கொட்டிவிட்டு வந்து மறுபடியும் ஓடினேன். இங்கே கொட்டுகிற பாலுக்கு அங்கே மாவு கரைக்கிறோமே என்று இருந்தது. இந்தப் பேட்சை விட்டால் எனக்கு இன்னொரு பேட்ச் கிடையாது என்று சொல்லித்தான் சேர்த்தார்கள், அது உங்களுக்கும் தெரியும்.

இரண்டாயிரத்து நூறு பன்றி என்றால் அதன் கழிவெல்லாம் எங்கே போகிறது? பண்ணைக்கும் நம் போருக்கும் எவ்வளவு தூரம்? நீங்கள் தூரத்தை எழுதவில்லை.

அத்தையிடம் சொல்லுங்கள், தண்ணீரை நன்றாகக் காய்ச்சி, ஆறவைத்துத்தான் கலக்க வேண்டும். சூடு காட்டினால் மட்டும் போதாது. நன்றாகக் கொதிக்க வேண்டும்.

மதியின் உள்ளங்காலில் என் பங்குக்கு ஒரு முத்தம்.

கவிப்பிரியா


நல்லேரிப்பாக்கம்
3.7.2025

அன்புள்ள கண்ணு கவிப்பிரியாவுக்கு மாமன் எழுதுவது. மூவரும் சுகம். உன் நெஞ்சு வலிக்கு முட்டைக்கோஸ் இலையை வைத்துக் கட்டச் சொல்கிறாள் அத்தை.

நீ எழுதியதை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். அவள் உனக்கு மேல் ஒரு படி போய்விட்டாள். அவள் பிறந்த வீட்டு வழக்கப்படி, பெரிய அலுமினியக் குண்டானில் நான்கு செம்பு ஊற்றி, அது இரண்டு செம்பாகச் சுண்டும் வரை அடுப்பை விட்டு நகர்வதில்லை. "சுண்டக் காய்ச்சினாத்தான் தண்ணிக்குப் பலம்" என்கிறாள். குண்டானின் அடியில் வெள்ளையாக ஒரு படலம் நிற்கிறது. அழுக்கெல்லாம் அங்கே தங்கிவிட்டது என்று அர்த்தம். அதைத் தேய்த்துக் கழுவிவிட்டு மறுபடி காய்ச்சுகிறாள்.

கழிவைப் பற்றிக் கேட்டாய். பண்ணைக்குப் பின்னால் மோகன் ஒரு பள்ளம் தோண்டியிருக்கிறான். ஏரித் தண்ணீரே அவ்வளவு இருக்காது. சிமெண்ட் பூசவில்லை, வெறும் மண் பள்ளம். கறுப்பாகத் தளதளவென்று நிற்கிறது. போன வாரம் சாயங்கால மழைக்கு அது கொஞ்சம் வழிந்து ஏரிக்குள் இறங்கியது. மதகுப் பக்கம் சோப்புப் போட்ட மாதிரி நுரை. நம் போர் எட்டு வயல் தள்ளி இருக்கிறது. மேலே ஓடுகிற அழுக்கு கீழே ஊறுகிற தண்ணீருக்கு எப்படிப் போகும்? பூமிக்கு வடிகட்டத் தெரியும்.

பின்கட்டு ரூம்களில் குடியிருக்கிறவர்கள்தான் ஆட்டம் போடுகிறார்கள். செல்போன் கம்பெனியில் லைன் வேலை பார்க்கும் சங்கரன்கோவில் அன்னக்கிளியை உனக்குத் தெரியுமே, அவள் கேன் தண்ணீர் வாங்க ஆரம்பித்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னாம்மா, என் போர்த் தண்ணி உனுக்கு ஆவாதா?" என்றேன்.

என் காதுக்குப் பக்கத்தில் வந்து கத்தினாள். "அண்ணாச்சி, கோவப்படாதிய. ருசி ஒரு மாதிரி கிடக்கு. பிள்ளைக்காவது கேன் தண்ணிய ஊத்துங்க."

"எழுபது போருக்கு இடம் காட்டுன கை இது. ஜப்பான்காரன் வந்து கையக் குலுக்கிட்டுப் போனான். நீ எனுக்குத் தண்ணி சொல்றியா?" என்றேன். கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

கம்பெனிக்கு நான் போர் இடம் காட்டியபோது ஜப்பான்காரர் வந்தது ஊரறிந்த விஷயம். மற்றவை நலம். அறிவுமதி ஒரு நாளைக்கு ஏழு பாட்டில் குடிக்கிறாள்.

தாண்டவராயன்


வேலூர்
13.7.2025

அன்புள்ள மாமாவுக்கு, நலம். உங்கள் நலமும் அத்தை நலமும் அறிய வேண்டும்.

இன்றைக்குப் போனில் அத்தை ஒரு வார்த்தை சொன்னாள். "கொஞ்சம் நெறம் மட்டுப்பட்டாப்ல கீது" என்றாள். யாருக்கு என்று கேட்டேன். உடனே, "சுவத்துக்குச் சொன்னேன்டி, மழையில சுண்ணாம்பு போயிட்ச்சு" என்றாள். பத்து நிமிஷம் முடிந்துவிட்டது. பின்னால் இருநூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள், நான் என்ன செய்ய?

புதன்கிழமை சுகாதார வகுப்பில் வந்தவர் சொன்னார். மாட்டுக் கழிவோ பன்றிக் கழிவோ மண் பள்ளத்தில் தேங்கினால், அதிலிருந்து நைட்ரேட் என்ற உப்பு கண்ணுக்குத் தெரியாமல் ஊறி, பக்கத்துப் போர்த் தண்ணீரில் கலக்குமாம். தண்ணீர் தெளிவாகத்தான் இருக்குமாம், நாற்றம் கூட இருக்காதாம். பெரியவர்களுக்கு ஒன்றும் செய்யாது, கைக்குழந்தைக்கு ஆகாது என்றார். மேற்கொண்டு கேட்பதற்குள் மணி அடித்துவிட்டது.

மாமா, நான் உங்களை எதற்கும் கட்டாயப்படுத்தியதில்லை. இதற்குக் கட்டாயப்படுத்துகிறேன். ஒரு சுத்தமான பாட்டிலில் போர்த் தண்ணீரைப் பிடித்துக் காஞ்சிபுரம் கொண்டுபோங்கள். தண்ணீர் பரிசோதித்து எழுதிக் கொடுக்கிற கூடம் இருக்கிறதாம். ரிப்போர்ட் வாங்கி, என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள். இந்த மாதத்துக்குள் பதில் வராவிட்டால், வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பெட்டியோடு வந்துவிடுவேன். விளையாட்டுக்கு எழுதவில்லை.

கவிப்பிரியா


நல்லேரிப்பாக்கம்
29.7.2025

அன்புள்ள மருமகளுக்கு ஆசீர்வாதம். எல்லாரும் சுகம். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும், வேலை முடித்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன்.

உன் உத்தரவுப்படியே ஆயிற்று. வியாழக்கிழமை காலையில் பாட்டிலை மூன்று தடவை அலசி, போரை ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, தண்ணீர் பிடித்தேன். ஒரகடம் வந்து பஸ் ஏறி, வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம். அங்கே நூற்றுப் பத்து பேர் ஆளுக்கொரு பாட்டிலோடு நிற்கிறார்கள். என்னைப் பார்த்ததும் உள்ளே இருந்த பெரிய அதிகாரி எழுந்து வந்தார். சாம்சன் சார் என்று பெயர். தங்க ஃபிரேம் கண்ணாடி, கோட்டு. பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இன்னா பெரியவரே, போர்த் தண்ணி எட்டாந்தியா, எளநி எட்டாந்தியா?" என்றார்.

"போர்தான் சார். பக்கத்துல பன்னிப் பண்ணை கீது, அதான் பொண்ணு பயப்படுது," என்றேன்.

ஏழு கண்ணாடிக் குழாயில் ஊற்றினார். ஏழிலும் ஏழு மருந்து விட்டார். ஒன்றிலும் நிறம் மாறவில்லை. சுற்றி நின்ற மற்ற அதிகாரிகளும் கூடிவிட்டார்கள். "நைட்ரேட் இல்ல, ஒண்ணும் இல்ல, கொயந்தைக்குத் தாராளமா குடு" என்று சொல்லி, கையெழுத்துப் போட்டு வட்ட முத்திரை குத்திக் கொடுத்தார். கிளம்பும்போது, போருக்கு இடம் பார்த்தது யார் என்று கேட்டார். சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டார்.

ரிப்போர்ட்டைப் பீரோவில் உன் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன். நீ பெட்டியைத் தூக்காதே. ஓட்டத்தில் கவனம் வை. உன் அம்மா ஆசைப்பட்ட சட்டை அது.

தாண்டவராயன்


வேலூர்
3.8.2025

அன்புள்ள மாமாவுக்கு ஆயிரம் வணக்கம். நான் இங்கே ரொம்ப நலம். இன்றைக்குத்தான் நிஜமாகவே நலம்.

உங்கள் கடிதத்தைக் கட்டிலில் உட்கார்ந்து நான்கு தடவை படித்தேன். பக்கத்துக் கட்டில் சுகப்பிரியாவுக்கும் படித்துக் காட்டினேன். அவள், "ஏழு குழாயா? உங்க மாமா கணக்குன்னா ரெண்டு இருக்கும்" என்று சிரித்தாள். இரண்டே இருக்கட்டும், முத்திரை இருக்கிறதே, அது போதும். உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டேனே என்று வெட்கமாக இருக்கிறது. பதினாறு நாள் பதில் வராததால் கண்டதையும் நினைத்துவிட்டேன். அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வையுங்கள்.

சனிக்கிழமை தடை தாண்டும் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தேன். பால் முழுசாக நின்றுவிட்டது. அன்றைக்கு மட்டும் கொஞ்சம் அழுதேன்.

ஒரே ஒரு விஷயம். அவர் போன வாரம் லோடு இறக்கிவிட்டு ஒரு மணி நேரம் வீட்டுக்கு வந்தாராமே. போனில், "பாப்பா உதடு கொஞ்சம் கறுத்தா மாதிரி கீது, வெளிச்சம் சரியில்லயோ இன்னாவோ" என்றார். வெளிச்சம்தானே மாமா? அத்தையை நன்றாகப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். தண்ணீரை மட்டும் காய்ச்சாமல் விட்டுவிட வேண்டாம்.

கவிப்பிரியா


நல்லேரிப்பாக்கம்
17.8.2025

அன்புள்ள கவிப்பிரியாவுக்கு, இங்கு யாவரும் சுகம்.

இரண்டாவது பரிசு என்று கேட்டு ஊரெல்லாம் சொன்னேன். மணிமங்கலம் வரை தெரிந்துவிட்டது. முதல் பரிசு என்றுதான் சொன்னேன்.

உதட்டைப் பற்றிக் கேட்டாய். அது நாவல்பழக் கறை. எதிர்வீட்டு மரம் இந்த வருஷம் காய்த்துத் தள்ளிவிட்டது. நகத்திலும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. மற்றபடி குழந்தை ரொம்ப சாது. முன்பு மாதிரி அழுவதே கிடையாது. பாட்டிலை வாயில் வைத்தால் பாதியிலேயே தூங்கிவிடுகிறாள். ஏழு பாட்டில் இப்போது நான்கு. நாள் முழுக்கத் தூங்குகிறாள். சாமியார் போலக் குழந்தை என்று நான் எல்லாரிடமும் சொல்கிறேன்.

ஊர் விஷயம் எழுதுகிறேன். பத்தாம் தேதி மழையில் மோகனின் பள்ளத்துக் கரை உடைந்துவிட்டது. ஏரி முழுக்கக் கறுப்பு. மறுநாள் கெண்டையும் கெளுத்தியும் வயிற்றைக் காட்டி மிதந்தன. நம் தெரு மாட்டுக்காரன் சின்னப்பையனின் சினைப்பசு குறைமாதத்திலேயே கன்றைப் போட்டுவிட்டது. ஊரைத் திரட்டிக்கொண்டு நான் முன்னால் போய் நின்றேன். ஐந்நூறு பேர் இருப்போம். மோகன் வெளியே வந்தான்.

"இன்னா பெர்சு, ஏரி உன் அப்பன் ஊட்டு ஏரியா? கம்பெனிச் சோத்த நான் அள்ளலன்னா உங்க ஊரே நாறிப்பூடும், தெர்தா?" என்றான்.

சின்னப்பையன், "அட நாயே, இப்ப மட்டும் மணக்குதா?" என்றான். நானும் இரண்டு வார்த்தை பலமாகக் கேட்டேன். அவன் அசந்துபோனான். பிறகு எல்லாரும் வீட்டுக்கு வந்தோம். பன்றிகள் அப்படியேதான் இருக்கின்றன.

நான் ஏரிப் பக்கம் இப்போது போவதில்லை. நேற்றுக் காலையில் யாருக்கும் தெரியாமல் போர் பக்கத்தில் தேங்காய் வைத்துப் பார்த்தேன். காய் அசையவில்லை. காய் சரியில்லாததால் இருக்கும்.

தாண்டவராயன்


வேலூர்
21.8.2025

மாமாவுக்கு, நலமே.

நாலரை மாதக் குழந்தைக்கு நாவல்பழம் கொடுத்தது யார்?

பல் இல்லாத குழந்தை நகத்தில் கறை ஆகும்படி எதைப் பிடித்துத் தின்றது? அத்தை இந்த ஞாயிற்றுக்கிழமை போனை எடுக்கவில்லை. போன ஞாயிறும் எடுக்கவில்லை.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நின்று உதட்டையும் நாக்கையும் பாருங்கள். பார்த்ததை அப்படியே எழுதுங்கள். ஒரு வார்த்தை கூட்ட வேண்டாம், ஒரு வார்த்தை குறைக்கவும் வேண்டாம். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

கவி


நல்லேரிப்பாக்கம்
31.8.2025

அன்புள்ள கவிப்பிரியாவுக்கு மாமன். சுகம். உன் சுகம் வேண்டி.

கடிதம் 25ஆம் தேதியே வந்துவிட்டது. எழுத உட்கார்ந்து இரண்டு காகிதம் வீணாயிற்று.

குழந்தைக்குக் கொஞ்சம் சளி. படப்பையில் டாக்டரிடம் காட்டினோம். மூச்சு சற்று வேகமாக இருக்கிறது என்று சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார். நிறத்தைப் பற்றிச் சென்னைக்குப் போய் இதயம் பார்க்கிற டாக்டரிடம் காட்டச் சொன்னார். என்ன தண்ணீர் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். சோதனை பண்ணிய தண்ணீர் என்று அத்தை சொல்லிவிட்டாள்.

அத்தை இப்போது நான்கு செம்பை ஒரு செம்பாகச் சுண்ட வைக்கிறாள். அடுப்படியை விட்டு வெளியே வருவதில்லை. "ஏங்க, நான் எதுனா தப்பு பண்றனா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நான் இல்லை என்றேன்.

வெயிலில் பார்க்கச் சொன்னாய். பார்த்தேன். வெயில் அவ்வளவாக இல்லை.

உனக்கு லீவு எத்தனை நாள் கொடுப்பார்கள்? சும்மாதான் கேட்டேன்.

தாண்டவராயன்


சென்னை, ஆஸ்பத்திரி
6.9.2025, காலை எட்டு மணி

மாமாவுக்கு,

இதை அத்தையிடம் கொடுத்தனுப்புகிறேன். போனில் உங்களுக்குக் கேட்காது. தயவுசெய்து ஒவ்வொரு வரியாகப் படியுங்கள்.

அன்னக்கிளி அக்கா பயிற்சிப் பள்ளி ஆபீசுக்குப் போன் போட்டுக் கத்தியிராவிட்டால் எனக்கு இன்னமும் தெரிந்திருக்காது. "உங்க பிள்ள சாம்பல் நிறத்துல கெடக்கு தாயி, இவிய வாயத் தொறக்க மாட்டுக்காவ, நீ ஓடியா" என்றாள். நான் வந்து சேர்வதற்குள் அவளும் அத்தையும் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். நீங்கள் ஏன் வரவில்லை என்று அத்தையைக் கேட்டேன். அவள் குழந்தையின் போர்வையை இழுத்துவிட்டாள்.

மதிக்கு உதடு, நாக்கு, நகம், காது மடல் எல்லாம் நீலம். மூக்கில் ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். வைத்தும் நிறம் திரும்பவில்லை. கண்ணைத் திறக்கிறாள், என்னைப் பார்க்கிறாள், அழ முடியவில்லை.

டாக்டர் ஒரு அம்மா. எனக்குப் புரியும்படி சொன்னார். இந்த மாதிரி நீலத்துக்கு அவர் நினைப்பது இரண்டு காரணம். ஒன்று இதயத்தில் கோளாறு. இன்னொன்று தண்ணீர். பன்றிக் கழிவு ஊறிய போர்த் தண்ணீரில் அந்த நைட்ரேட் உப்பு இருக்குமாம். அதில் பால் மாவு கரைத்துக் கொடுத்தால் குழந்தையின் ரத்தம் காற்றைத் தூக்க முடியாமல் போகுமாம். காய்ச்சினால் அந்த உப்பு போகாது, தண்ணீர்தான் ஆவியாகும், சுண்டச் சுண்ட உப்பு அதிகமாகும் என்றார். அத்தை அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நான்தான் சொன்னேன், எங்கள் தண்ணீரைக் காஞ்சிபுரத்தில் சோதித்துவிட்டோம், நைட்ரேட் இல்லை, முத்திரை போட்ட ரிப்போர்ட் இருக்கிறது என்று. உங்கள் ஜூலை மாதக் கடிதத்தை என் பையிலேயே வைத்திருந்தேன், எடுத்துக் காட்டினேன். அவர் படித்துவிட்டு, அப்படியானால் இதயத்தைத்தான் பார்க்க வேண்டும் என்றார். பகல் இரண்டு மணிக்குத் தொடை வழியாக இதயத்துக்குள் குழாய் விடப் போகிறார்கள். இந்த நிலையில் அதைத் தாங்குவாளா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். தண்ணீர்தான் காரணம் என்றால் அதற்கு ஒரு ஊசி இருக்கிறதாம், ஒரு மணி நேரத்தில் நிறம் திரும்பிவிடுமாம். ஆனால் காரணம் அது இல்லாமல் போட்டால் அந்த ஊசியே கெடுதலாம். ரத்தத்தை வெளியே அனுப்பியிருக்கிறார்கள், முடிவு நாளைக்குத்தான் வரும்.

ஒரிஜினல் ரிப்போர்ட்டை ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும் என்கிறார். எண் எழுதியிருக்குமாம். பீரோவில் என் கல்யாணப் புடவைக்கு அடியில் இருப்பதை எடுத்து அத்தையிடம் உடனே கொடுத்தனுப்புங்கள். இரண்டு மணிக்குள் வர வேண்டும்.

கவிப்பிரியா


ஆஸ்பத்திரி வாசல்
6.9.2025, மணி பன்னிரண்டே முக்கால்

கவிப்பிரியாவுக்கு,

இந்தக் காகிதத்தை முதலில் டாக்டர் அம்மாவிடம் கொடு. அவர் படித்த பிறகு நீ படி.

டாக்டர் அம்மாவுக்கு: குழந்தைக்கு ஜூன் மூன்றாம் தேதி முதல் பால் மாவு. கலக்கியது முழுக்க எங்கள் போர்த் தண்ணீர், நன்றாகச் சுண்டக் காய்ச்சியது. போன பத்து நாளாக நான்கில் ஒரு பங்காகச் சுண்டியது. போருக்கும் பன்றிப் பண்ணையின் பள்ளத்துக்கும் நடுவில் எட்டு வயல், எல்லாம் சின்ன வயல், நானூறு அடி இருக்கும். பள்ளத்துக்குப் பூச்சு இல்லை. கரை உடைந்தது ஆகஸ்ட் பத்தாம் தேதி. அதற்குப் பிறகுதான் குழந்தை அழுவதை நிறுத்தினாள். இதில் ஒரு சொல்லும் நான் கூட்டவில்லை.

இனி உனக்கு. அத்தை பீரோவைத் திறந்து தேடினாள். உன் கல்யாணப் புடவையை எடுத்து உதறினாள். அடுத்த தட்டு, அதற்கடுத்த தட்டு. துணி முழுவதையும் தரையில் போட்டாள். என்னைத் திரும்பிப் பார்த்து என்னவோ கேட்டாள், எனக்குக் கேட்கவில்லை. உதட்டைப் பார்த்தே தெரிந்தது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன், கவி. அவ்வளவு நேரமும் தேடவிட்டேன். அதன் பிறகுதான் சொன்னேன். அவள் எழுந்தாள். பாட்டிலை எடுத்து நேராகப் போருக்குப் போனாள்.

ஜூலையில் அந்த வியாழக்கிழமை நான் பஸ் ஏறியது உண்மை. பாட்டில் மடியில் இருந்தது. வாலாஜாபாத் வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. கெட்ட தண்ணீர் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் நீ சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வந்துவிடுவாய். அதுவும் ஒரு பயம்தான், ஆனால் அதை மட்டும் சொன்னால் பாதிதான். நான் இடம் காட்டிய போர், என் கை காட்டிய தண்ணீர் கெட்டது என்று முத்திரை குத்திய காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுவர எனக்கு மனசு வரவில்லை. டீக்கடை ஓரத்தில் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். அதற்குப் பிறகு குழந்தையின் உதட்டைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். ஒவ்வொரு நாளும் சொல்வது முந்தின நாளைவிடக் கஷ்டமாகிக்கொண்டே போனது. நேற்று ஆட்டோவில் நான் ஏறாததற்கும் அதுதான் காரணம்.

வார்டுக்குள் ஆம்பளைகளை விடமாட்டார்களாம். விட்டாலும் உன் முகத்துக்கு நேரே நின்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. வாசலில் வேப்பமரத்தடியில் நிற்கிறேன். நீ என்னைப் பார்க்க வர வேண்டாம், குழந்தையை விட்டு நகராதே. அந்த ஊசியைப் போடச் சொல்.

நான் எவ்வளவோ கூட்டிச் சொல்லியிருக்கிறேன். ஐந்நூறு பேர் என்றது முப்பது பேர். இரண்டாயிரத்து நூறு பன்றி என்றதையும் குறைத்துக்கொள். அதெல்லாம் இருந்ததைக் கூட்டியது. இது ஒன்றுதான் இல்லாததைச் சொன்னது. சாம்சன் என்று ஒருவர் கிடையாது. ரிப்போர்ட்டும் கிடையாது. அந்தத் தண்ணீரை இதுவரை யாரும் சோதித்ததே இல்லை. இப்போது கனகம் கையில் கொண்டு வருகிறாளே, அதுதான் முதல் பாட்டில்.

தாண்டவராயன்